மீளக் குடியேறிய கை

"றஞ்சினி ரொபின்சன். வயது ஐம்பத்தொன்று. இடது கை செயலற்றது. பிறர் உதவியின்றி வாழ இயலாதவர்."

அரசாங்க முத்திரை குத்திய இந்த அட்டை மழையில் நனைந்துவிட்டது. தோட்டவெளிக் கிராமத்து வீட்டின் முற்றத்துக் கொடியில் அதைக் காயப்போட்டுக் கிளிப் குத்திக்கொண்டிருந்தது அந்தச் செயலற்ற இடது கைதான். வலது கை இடுப்பில் சும்மா இருந்தது.

எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. எழுதிய அன்று அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபது வருசம் இருந்து, சண்டை முடிந்து ஊர் திரும்பி, பற்றை வெட்டி, திரும்பி வந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த தகரத்தைக் கூரைக்கு ஏற்றி முடித்த கிழமையே பாரிசவாதம் வந்து அவரைச் சாய்த்தது. கால் மூன்று மாதத்தில் திரும்பியது. கை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சித் தாள் ஒன்றும் றப்பர் பந்து ஒன்றும் கொடுத்தார்கள். பந்தை அயல்வீட்டு நாய் கொண்டுபோனது. தாளில் றஞ்சினி பருப்புச் சுற்றி வைத்தார்.

"எக்சசைஸ் எண்டது வேலையில்லாத ஆக்களுக்கு," என்பது அவர் கொள்கை. கையோடு பேசியதெல்லாம் ஏச்சுத்தான். "செத்த கை! தொங்கிக்கொண்டு கிட."

எல்லாவற்றையும் ஒரு பகிடி மாற்றியது. பக்கத்து வீட்டு ஜெனிஸ்ரா, மாதர் சங்கச் செயலாளர், வாய் சும்மா இருக்காதவர், ஒருநாள் சொன்னார்: "அக்கா, எல்லாரும் வந்திட்டியள். உங்கட கை மட்டும் இன்னும் மண்டபத்தில நிக்குது போல."

றஞ்சினி சிரிக்கவில்லை. பின்னேரம் வரை யோசித்தார். செத்ததென்றால் அடக்கம் செய்யவேண்டியதுதான். வரப் பிந்துகிறதென்றால் கதை வேறு. பிந்தி வருகிறவர்கள் படும் பாடு அவருக்குத் தெரியாததா?

மறுநாள் முதல் கைக்கு மரியாதை தொடங்கியது. "வாங்கோ, அவசரமில்லை. முதலில வளவைப் பாருங்கோ." கை பார்க்கவேண்டிய வளவு, அதாவது அதன் சொந்தக் காணி, அரிசிப் பானைதான். வலது கையால் இடது கையைத் தூக்கி அதற்குள் வைப்பார். ஒரு மாதம் கழித்து அரிசிக்குள் ஒரு விரல் அசைந்தது.

"ஒராள் இறங்கிற்றார். மிச்சம் நாலு பேர் கப்பலில," என்று கணவருக்கு அறிவித்தார்.

வலை பின்னிக்கொண்டிருந்த ரொபின்சன் தலை நிமிராமல் கேட்டார்: "தகரம் குடுத்தனியோ?"

பருப்புத் தாள் தேடி எடுக்கப்பட்டது. பந்துக்குப் பதிலாக வலையின் மிதப்புக்கட்டை. பத்துத் தடவை அமத்தச் சொல்லியிருந்தால் நாற்பது தடவை அமத்துவார். கொள்கை மட்டும் மாறவில்லை: "இது எக்சசைஸ் இல்லை, மீள்குடியேற்றம்." பதினாலு மாதம் ஒரு நாளும் தவறாமல், எக்சசைஸ் இல்லாத அந்த எக்சசைஸ் நடந்தது.

அப்போதுதான் மாதர் சங்கங்களின் விளையாட்டு விழா வந்தது. கயிறு இழுத்தலில் தோட்டவெளிக்கு எதிராக, மூன்று வருசம் தோற்காத விடத்தல்தீவுப் பெண்கள். ஜெனிஸ்ரா எழுதிய பட்டியலில் றஞ்சினியின் பெயர் தேத்தண்ணிக்கு நேரே இருந்தது.

"அட்டையைப் பாத்து எழுதினனியோ, ஆளைப் பாத்து எழுதினனியோ?"

"விழுந்தியள் எண்டால் என்னக்கா செய்யிறது?"

"எழும்புவன். பழகின வேலைதானே, பிள்ளை."

எட்டுப் பேரில் நாலாவதாக நின்றார். கை நழுவினால் அட்டை சொன்னதே சரியென்று ஊர் முடிவெடுத்துவிடும். அதைவிட மோசம், கையும் அதை நம்பிவிடும்.

எதிர்ப்பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற விடத்தல்தீவுப் பெண் ஸில்மியா கத்தினார்: "அன்ரி, தேத்தண்ணி ஆறுது, போங்கோ!"

விசில் ஊதியது. முதலில் தோட்டவெளிதான் சரிந்தது. ஒரு முழம், இரண்டு முழம். மணலில் குதிகள் கோடு கீறின. றஞ்சினி குனிந்து கையிடம் ஏதோ சொன்னார். மரியாதையாகச் சொல்லியிருக்கமாட்டார் என்று பின்னால் நின்ற ஜெனிஸ்ரா பிற்பாடு சத்தியம் பண்ணினார். கயிறு நின்றது. பிறகு மெல்ல இந்தப் பக்கம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. விடத்தல்தீவு முழுவதும் முகங்குப்புற மணலில் விழுந்தது.

ஏழு பேரும் கயிற்றைப் போட்டுவிட்டுக் குதித்தார்கள். ஸில்மியா மணலைத் தட்டியபடி வந்து தேத்தண்ணிக் கோப்பை ஒன்றை நீட்டினார். நடுவர், "அடுத்த போட்டிக்குக் கயிறு வேணும், விடுங்கோ," என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ."

றஞ்சினி வலது கையால் தேத்தண்ணியை வாங்கி, ஆறுதலாகக் குடித்து முடித்தார். இடது கையால் கயிற்றைப் பிடித்திருந்தார்.