கதவுக்கு வெளியே நின்ற மாதா

கருவாட்டு வாசத்தையே அமுக்கிவிடும் அளவுக்குச் சாம்பிராணி புகைந்தால், எங்கள் புன்னக்காயல் தெருவில் ஜெபமாலை மாதம் பிறந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். அந்த அக்டோபர் முழுக்க மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஓர் இரவு ஒரு வீட்டில் தங்கி, மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுக்காரர் கையாலேயே அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும். இதை "மாதா வரவு" என்போம். புறப்பட்ட மாதா திரும்பக் கூடாது, வழியில் தரையிலும் வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

எங்களுக்கு அடுத்த வீடு சித்தப்பா வீடு. அங்கேதான் வில்லங்கம். ஒரு கிழிந்த வலைக்காக அப்பா கடற்கரையில் வைத்து, அதுவும் சித்தப்பாவின் மாமனார் பார்க்க, தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவுக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும், மன்னிப்பு மட்டும் தொண்டையைத் தாண்டாது. எதிர்வீட்டு அண்ணாச்சிதான் எங்களிடம் மாதாவை வாங்கி அங்கே கொடுத்து, வருஷா வருஷம் எங்கள் மானத்தைக் காப்பாற்றி வந்தார். அந்த வருஷம் பார்த்து அவர் மகனோடு தூத்துக்குடிக்குக் குடிபோய்விட்டார்.

வேறு வழியில்லை. அப்பா வேர்வையை "லேஞ்சி"யால் துடைத்துத் துடைத்து, கைக்குட்டை நனைந்துபோனதும் அதைப் பையில் திணித்துவிட்டு, சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சித்தப்பா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, அவர் இருமுவதுகூடக் கேட்டது. பின்னால் தெருவே நின்று ஜெபமாலை சொல்லி முடித்தது, கதவு அசையவில்லை. தூறல் வேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது அப்பா திரும்பிவிட்டால் இந்த இரண்டு வீடும் செத்தாலும் சேராது என்பது அந்த வயதிலேயே எனக்குப் புரிந்திருந்தது.

"தொறக்க மாட்டான்ட்டி. கோயிலுக்கே கொண்டு போயிருதேன்" என்றார் அப்பா.

அம்மா தன் முந்தானையால் சுரூபத்தின் தலையை மூடினாள். "மவன் தொங்குன சிலுவைக்கடியில நின்னவளுக்கு இங்கன நிக்கது பெரிய கஷ்டமா? அவ நிக்கா. நீங்களும் நில்லுங்க."

அப்பா நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, தெருவே கேட்க, சாத்திய கதவைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே, தப்பு என் மேலதான். ஊரு பாக்க அடிச்சேன், ஊரு பாக்கவே சொல்லுதேன். மன்னிச்சிருலே."

கதவு திறந்தது. சித்தப்பா மாதாவை வாங்கவில்லை, அண்ணனைத்தான் முதலில் கட்டிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் சுரூபம் நொறுங்கிவிடுமோ என்று சித்தி "பைய, பைய" என்று கத்தினாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். மனந்திரும்புதலைப் பற்றியும் மாதாவின் விசுவாசத்தைப் பற்றியும் அப்புறம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஆனால் கஷ்டகாலத்தில் நான் பிடித்துக்கொண்டது அம்மா சொன்ன அந்த "அவ நிக்கா, நீங்களும் நில்லுங்க" என்ற வார்த்தையைத்தான்.

இப்போது மாதா விளக்கு ஜோடித்த வேனில் வருகிறாள். பையன்கள் இறக்கி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், யாரும் யார் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். சித்தப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார். போன வாரம் பார்க்கப் போனபோது, "பயமா இருக்கா சித்தப்பா?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"என்ன பயம்? எங்க அண்ணன் முந்தியே அங்கன போயிருக்கான்லா. அன்னைக்கு நான் அவன மழையில நிக்க வச்சேன். அவன் என்னைய வாசல்ல நிக்க வைக்க மாட்டாம்லே."