சுப்புராஜ் விற்ற ஆட்டம்

எனக்கு யாரையும் கண்டு சட்டென்று வியக்க வராது. குறை கண்டுபிடிக்க நன்றாக வரும். வீட்டில் எனக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்றுதான் பெயர். அப்படிப்பட்ட நீலகண்டனாகிய நான், கொச்சி கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

2003-ல் நானும் என் பள்ளித் தோழன் வெங்கிடேஷும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியைப் பிடித்து, மொபைல் போனுக்கு கேம் செய்யும் கம்பெனி தொடங்கினோம். கீழே மிளகு மூட்டை, மேலே நாங்கள் நாலு பேர், நாலு கம்ப்யூட்டர், நாள் முழுவதும் தும்மல். கம்பெனிக்கு ‘குருமுளகு கேம்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டோம். முதல் ஆட்டம் எதுவென்பதில் சந்தேகமே இல்லை. கேரளத்தில் நாலு ஆண்கள் சும்மா உட்கார்ந்தால் அடுத்த நிமிஷம் சீட்டைக் கலைத்து இருபத்தெட்டு ஆடுவார்கள். இரண்டு இரண்டு பேராகக் கூட்டு சேர்ந்து ஆடும் ஆட்டம். எத்தனை புள்ளி எடுப்போம் என்ற ஏலத்தில் ஜெயித்தவன் தன் துருப்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். அது என்னவென்று அவன் கூட்டாளிக்கும் தெரியாது. வாய் திறந்து சொல்லவும் கூடாது. வளைகுடாவில் இருக்கும் மலையாளி ஒவ்வொருவனின் போனிலும் இதை ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஆட்டம் தயாராயிற்று. ஆனால் போனுக்குள் உட்கார்ந்து எதிராடும் யந்திரம் சுத்த மண்ணாங்கட்டி. நான் எழுதிய புரோகிராம்தான். விதி அத்தனையும் அதற்குத் தெரியும், ஆடத்தான் தெரியாது. பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கிய எனக்கு இது பெரிய அவமானம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயங்காலம் கார்ப்பரேஷன் லாரி ஷெட் பக்கமாக நடந்தேன். ஒரு டின் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்று முடிந்ததும், காக்கிச் சட்டை போட்ட ஒருவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டு, மற்ற மூவரிடமும் மீதி என்னென்ன இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். அவர்கள் ஆச்சரியப்படக்கூட இல்லை. ‘அதுதான் தெரிஞ்ச விஷயமாச்சே’ என்பது போலச் சீட்டைப் போட்டுவிட்டுக் கலைக்க ஆரம்பித்தார்கள். சொன்னது பதினைந்து சீட்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவர்தான் சுப்புராஜ். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். இவர் பிறந்தது, படித்தது, லாரி ஓட்டியது எல்லாம் மட்டாஞ்சேரியில்தான். மலையாளம் எழுதப் படிக்க வரும், தமிழ் பேச மட்டும் வரும், அதிலும் ஆட்டத்தைக் ‘களி’ என்பார், வெள்ளைக்காரனை ‘சாயிப்பு’ என்பார். எதிரே உட்கார்ந்திருந்த கூட்டாளி தங்கையா, அவரைவிடப் பத்து வயது பெரியவர், கார்ப்பரேஷன் சாக்கடைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தடுத்த வீடு. இருபத்திரண்டு வருஷமாக அந்த இரண்டு பேரும்தான் ஜோடி.

யந்திரத்துக்கு ஆடக் கற்றுக்கொடுக்க நான் அழைத்தபடி, மறுநாள் முதல் சுப்புராஜ் எங்கள் மாடிக்கு வந்தார். லாரி வேலை மதியம் முடிந்துவிடும். குளித்துவிட்டு மூன்று மணிக்கு வருவார். சாயாவும் பருப்பு வடையும் கொடுத்தால் போதும். நாங்கள் ஆட, ஒவ்வொரு சீட்டையும் அவர் போடும்போது நான் “எதுக்கு இது?” என்று கேட்பேன். அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். இப்படிப் பதினாலு மாதம், பதினோரு நோட்டு.

ஒரு நாள் அவர் ஒரு குலானை, அதாவது ஜாக்கியை, கையில் வைத்துக்கொண்டே போடாமல் விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, ஆட்டத்திலேயே பெரிய சீட்டு அது. அதைப் போடாமே வச்சிண்டிருக்கேளே, என்ன புத்தி இது?” என்றேன்.

“சாமி, எதிர்க்க இருக்கவன் சீட்டு போட முன்ன ஒரு செகண்ட் யோசிச்சான், பாத்தியளா? ஒரே வழி இருக்கவன் யோசிக்க மாட்டான். அவன் கையில ரெண்டு வழி உண்டு. அதான் குலானை வச்சேன்.”

அதையும் எழுதினேன். புரோகிராமில் போட்டேன். யந்திரம் மெல்ல மெல்லப் புத்திசாலி ஆயிற்று. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் ஆட்கள் போன் செய்து “அதுக்குள்ள யாரை உட்கார வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார்கள். பெருமை எனக்கு. ‘என் புரோகிராம்’ என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

2006 ஆரம்பத்தில் ஹெல்சிங்கியிலிருந்து ஹென்ரிக் வந்தார். கேம் கம்பெனிகளில் பணம் போடும் நிறுவனத்தின் ஆள். எங்கள் கம்பெனியில் இருபத்தாறு சதவிகிதப் பங்கை வாங்குவதாகப் பேச்சு. செய்தி தெரிந்ததும் சுப்புராஜ் விளக்கம் கேட்டார். வெங்கிடேஷ் கறுப்புப் பலகையில் வட்டம் போட்டு, கோடு கிழித்து, அரைமணி நேரம் விளக்கினான்.

சுப்புராஜ் வடையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: “அப்ப ஏலம் பிடிச்சது நீங்க. களி நடத்துறது நீங்க. ஆனா கவுத்து வச்ச துருப்பை மாத்தணும்னா அந்தச் சாயிப்பையும் கேக்கணும். அதுதானே?”

வெங்கிடேஷ் சாக்பீஸைக் கீழே வைத்தான். எங்கள் ஆடிட்டருக்கு இது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

எல்லாம் முடிந்து கையெழுத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஹென்ரிக் இங்கே அமர்த்தியிருந்த வக்கீலம்மா ஒரு கேள்வி கேட்டார். இந்த யந்திரத்தின் மூளை யாருடையது? பதினோரு நோட்டிலும் சுப்புராஜ் பெயர். எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. தன் ஆட்டமுறையை முழுக்கக் கம்பெனிக்கு விற்றுவிட்டதாகவும், இனி அதை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் அவர் எழுதிக்கொடுத்தால்தான் பங்கு விற்பனை. இல்லையென்றால் ஹென்ரிக் சனிக்கிழமை விமானம் ஏறிவிடுவார். கம்பெனியை மூடிவிட்டு நாங்கள் வேலை தேட வேண்டியதுதான். கையில் வேறு வழியில்லை.

புதன்கிழமை சுப்புராஜைக் கூப்பிட்டு நல்ல தொகை ஒன்றும் சொன்னோம். வக்கீலம்மா ஒப்பந்தத்தை மலையாளத்தில் முழுக்க வாசித்தார். சுப்புராஜ் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “ரெண்டு நாள் தவணை வேணும்” என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. “பாத்தியா? வெள்ளைக்காரன் வந்திருக்கான்னு தெரிஞ்சதும் விலையை ஏத்தறார்” என்று வெங்கிடேஷிடம் கத்தினேன். காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அந்த இரண்டு நாளும் நான் அவரைத் திட்டாத வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அதே நேரத்துக்கு, அவர் வந்தார். அதிகமாக ஒரு பைசா கேட்கவில்லை. மலையாளத்தில் கையெழுத்துப் போட்டார், ஹென்ரிக்கின் கையைக் குலுக்கினார், போய்விட்டார். அன்று சாயங்காலமே பங்கு கைமாறியது. பத்திரிகையில் எங்கள் படம் வந்தது. நாலு பேர் இருந்த இடத்தில் முப்பது பேர் ஆனோம். அவர் இனி வர வேண்டிய அவசியம் இல்லை, வரவும் இல்லை. நானும் தேடவில்லை. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து அவர் மனைவி லக்ஷ்மி மாடிப்படி ஏறி வந்தார். ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

“சாமி, அந்த மனுஷனை நீங்க என்ன செஞ்சீங்க? அஞ்சு மணியானா ஷெட்டுக்குப் போறவர், கையெழுத்து போட்ட நாள் தொட்டு சீட்டைத் தொட்டதில்லை. வீட்டுல உக்காந்து என் கறியில உப்பு இல்லை, புளி இல்லைன்னு குத்தம் பறையறார். அவரைத் திருப்பி எடுத்துக்கோங்க, எனக்கு வேண்டாம்!”

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். சுப்புராஜ் வாசலில் ஒரு மேசை விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, ஏன் களிக்கறதில்லை?”

“வித்தாச்சே, சாமி.”

“வித்தது வேற கம்பெனிக்காரன் எவனுக்கும் கொடுக்காம இருக்கத்தான். நீங்க ஷெட்டுல உக்காந்து ஆடறதை யார் தடுத்தா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்: “வீட்டை ஒருத்தனுக்கு வித்துப்புட்டு, சாயங்காலம் சாயங்காலம் போய் அதே வராந்தாவுல உக்காந்தா அது மோசமல்லே? எனக்கு வேற களி தெரியாது. உக்காந்தா அந்தக் களிதான் வரும். அது இப்ப உங்களோடது, அந்தச் சாயிப்போடது.”

நான் ஒப்பந்தங்கள் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போடும்போதே ஓட்டை தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானே தேடியிருக்கிறேன். ஒரு காகிதத்தை இந்த அளவுக்கு மதித்த மனிதனை அதற்கு முன் பார்த்ததில்லை. ‘நான் சொல்கிறேன், ஆடுங்கள்’ என்றேன். “எழுதித் தாங்க. சாயிப்பும் சம்மதிக்கணும்” என்று விசிறியைத் துடைக்கத் திரும்பிவிட்டார்.

நியாயம்தான். விற்ற உரிமையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க இருபத்தாறு சதவிகிதக்காரரின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ஹென்ரிக்குக்குப் போன் செய்தோம். முதலில் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். விஷயம் புரிந்ததும், “எட்டு மாதமா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டார். அடுத்த வாரம் கூரியரில் அவர் கையெழுத்தோடு காகிதம் வந்தது. சுப்புராஜ் எங்கே வேண்டுமானாலும், யாரோடு வேண்டுமானாலும், ஆயுள் முழுவதும் இருபத்தெட்டு ஆடலாம் என்று குருமுளகு கேம்ஸின் டைரக்டர்கள் போட்ட தீர்மானம். உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் இப்படி ஒன்று போட்டிருக்காது.

மலையாள நகலோடு அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் கண்ணாடி போட்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“தங்கையா அண்ணன் பேரு இல்லியே.”

“அவர் எதிலயும் கையெழுத்து போடலையே, அண்ணா?”

“நான் போட்டேனே, அவரைக் கேக்காமலா போடுவேன்? என் களியில பாதி அவரு களி. அவரு போடுற சீட்டைப் பாத்துத்தானே நான் போடுறேன். நீங்க நோட்டுல எழுதினதுல பாதி அவரோடதல்லே? அதுக்குத்தான் அன்னிக்கு ரெண்டு நாள் தவணை கேட்டது. மொத நாள் அவரு ஒண்ணும் பேசல. ரெண்டாம் நாள், ‘பிள்ளைங்க கம்பெனி நிக்கணும்னா நானும் விட்டேன், போட்டுக்கோ’ன்னாரு. அவரும் எட்டு மாசமா தொடல.”

விலை ஏற்றுகிறார் என்று நான் கத்திய அந்த இரண்டு நாள்! அறுபதைத் தாண்டிய கிழவர் ஒருவர், தன் பெயரே இல்லாத காகிதத்துக்காக, தனக்கு இருந்த ஒரே சந்தோஷத்தை எங்களுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அந்த நிமிஷம் எனக்கு என்னைக் கண்டாலே அருவருப்பாக இருந்தது. அவர்களைக் கண்டு, உண்மையாகவே பயமாக இருந்தது.

அங்கேயே நின்று ஹென்ரிக்கைப் போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள், தப்பாக எழுதிவிடக் கூடாது” என்றார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லி, என் காகிதத்திலும் சேர்க்கச் சொன்னார். நான் காகிதத்தில் தங்கையாவின் பெயரைச் சேர்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சுப்புராஜ் அதை மறுபடி முழுக்க வாசித்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தங்கையா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுப்புராஜ் காகிதத்தை அவர் மடியில் வைத்து, அவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். கிழவர் அதை வாசிக்கவில்லை. சுப்புராஜின் முகத்தைத்தான் பார்த்தார்.

“போலாமா?” என்றார்.

“வாங்க, அண்ணே” என்றார் சுப்புராஜ். தங்கையா சட்டையைத் தேடாமல், துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் படியிறங்கினார்.