பெயர் சொல்லாத குரல்

மந்தாரக்குப்பத்தில் விருத்தாசலம் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். கல்லூரி வானொலிகளின் கதையைத் தேடி ஊர் ஊராக அலைகிறவன் நான். டீக்கடையில் உள்ளூர்க் கல்லூரி நிலையம் ஒலிப்பதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் துப்புரவு வேலை உடுப்போடு ஒரு பெண். அவர் டீ ஆறி ஆடை கட்டியிருக்கிறது.

"அடுத்தது என் பேச்சுதான் சார். கான்ட்ராக்ட் வேலையில பாத்ரூம் போவ எடமில்லன்னு சொல்லியிருக்கேன். மேஸ்திரி கேட்டுக்கினு இருந்தா வேலை போயிடும்."

"பேர் சொல்ல மாட்டாங்களேம்மா?"

"பேரு எதுக்குங்க? வடலூர் தாண்டுனா இந்த ரேடியோ எடுக்காது. கேக்கறவங்க எல்லாம் என் கொரல் தெரிஞ்சவங்கதான்."

நான் போன நிலையங்களிலெல்லாம் இந்தச் சின்ன ஒலிபரப்பு எல்லையைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். நானும் அப்படியே எழுதிவந்தேன்.

வானொலியில் அவர் குரல் தொடங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நிற்கிறது. "அவருதான் மேஸ்திரி," என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறார். கடைக்காரர் யாரையும் பார்க்காமல் கை நீட்டி வானொலியை அணைக்கிறார். மேஸ்திரி டீ கேட்கிறார். அடுப்புச் சத்தம் மட்டும்.

பக்கத்துத் தையல் கடையிலிருந்து அதே குரல் தெளிவாக வருகிறது: "வேலைக்கு வர்ற அன்னைக்கு தண்ணி குடிக்கவே பயமா இருக்குங்க."

மேஸ்திரி டம்ளரை வாங்காமல் திரும்பிப் பார்க்கிறார்.