முன்வரிசை ராமானுஜத்தின் கழுத்து

மயிலாப்பூரில் ராமானுஜத்தின் தலை அசையாமல் எந்த வித்வானும் கச்சேரியை முடித்ததில்லை. சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். முடித்தவர்கள் உண்டு, அரை மனதாக முடித்தார்கள்.

ராமானுஜத்துக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. கழுத்துச் சதை தானாக முறுக்கிக்கொண்டு தலையை இடப்பக்கம் வெட்டி இழுக்கும் வியாதி ஒன்று அவரைப் பிடித்திருந்தது. மேடையிலிருந்து பார்த்தால் அது அசல் ரசிகரின் 'ஆஹா'. இதைக் கவனித்த சபா செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் வருஷா வருஷம் அவருக்கு முன்வரிசை பாஸ் கொடுத்துவிடுவார். அந்த ஆஹாவுக்குப் பின்னால் தோள்வரை இறங்கும் வலி இருந்தது மேடைக்குத் தெரியாது.

1997 கார்த்திகையில் வலி அவரைப் படுக்கவே விடவில்லை. மனைவி ஜலஜா அவரை அடையாறில் டாக்டர் ஜெயபாரதியிடம் அழைத்துப் போனாள்.

"கெட்டுப்போன டப்பா சாப்பாட்டுல ஒரு கிருமி விஷம் விடும் சார். அதைச் சுத்தம் பண்ணி, துளியிலும் துளியா கழுத்துச் சதையில போடப்போறோம்" என்றார் டாக்டர்.

"நேத்து ரசத்தையே தொடமாட்டார். இது ஒத்துக்குமா?" என்றாள் ஜலஜா.

டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். "நரம்போட நுனியில 'இழு, இழு'ங்கிற சேதி குட்டிக் குட்டிப் பையில கட்டியிருக்கும். பை அவிழ்ந்தாத்தான் சதை இழுக்கும். இந்த மருந்து பையை அவிழவிடாது."

ராமானுஜத்துக்கு இது கைவந்த சமாசாரம். "அதாவது மெயில் பை வந்துடுத்து, அரக்கு சீலை உடைக்க ஆளில்லை. வலி?"

"இழுப்பு நின்னா வலியும் குறையும். சில பேருக்குச் சதை தளர்றதுக்கு முன்னாடியே குறையுது. வலியைச் சொல்ற நரம்புலயும் பையைக் கட்டிப்போடுதோ என்னமோ, ஆராய்ச்சி நடக்குது. மூணு மாசம் தாங்கும். அப்புறம் நரம்பு மறுபடி சேதி அனுப்ப ஆரம்பிச்சிடும், மறுபடி ஊசி."

"தலை நின்னுடுமா?"

"நிக்கணும்னுதானே சார் வந்திருக்கீங்க?"

ராமானுஜம் தயங்கினார். மகள் மதுவந்திக்கு மார்கழியில் முதல் கச்சேரி. சின்ன வயதிலிருந்தே அவள் அப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவாள். வியாதி என்று தெரியும், ஆனாலும் பழக்கம். "நின்னுடுத்துன்னா குழந்தை பயந்துடுவா. தை பொறக்கட்டுமே டாக்டர்."

"இந்த வலியோட உக்காந்தேள்னா பாதியில எழுந்து போவேள். அதைப் பார்த்து பயப்படமாட்டாளா?" என்றாள் ஜலஜா. ஊசி அன்றைக்கே போட்டாயிற்று.

மார்கழிக்குள் வலி ஓடிவிட்டது, தலையும் நிமிர்ந்துவிட்டது. கச்சேரியன்று ஸ்ரீனிவாசராகவன்தான் பதறிக்கொண்டு வந்து காதில் கிசுகிசுத்தார். "என்ன ஓய், சிலையாட்டம் உக்காந்திருக்கீர்? பாட்டு பிடிக்கலையோன்னு பக்கவாத்தியக்காரா கலங்கறா."

"ஊசி ஓய்."

"இன்னிக்குன்னு பார்த்தா?"

மதுவந்தி கல்யாணியை எடுத்து மேலே ஏறினாள். மேல் ஷட்ஜத்துக்கு ஒரு படி கீழே குரல் நின்றது. அவள் கண் முன்வரிசைக்கு வந்தது. ராமானுஜம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கழுத்து ஒரே ஒரு தடவை பழையபடி வெட்டி இழுத்தால் போதும், எவ்வளவு வலித்தாலும் சரி என்றிருந்தது. அதற்குள் குரல் ஷட்ஜத்தைத் தொட்டு, அங்கேயே நிலைத்து நின்றது. சபை கைதட்டியது.

கச்சேரி முடிந்து மூவரும் சபா கேன்டீனில் அடை சாப்பிட உட்கார்ந்தார்கள். "என்ன மருந்து பார்த்தியா ஜலஜா" என்று ராமானுஜம் ஆரம்பித்தார். "முழுக் கச்சேரியிலயும் தலை ஒரு நூல் அசையலை. குழந்தை தானாவே சமாளிச்சுட்டா."

மதுவந்தி அடையை விண்டபடியே சொன்னாள். "அசைஞ்சுதுப்பா. கல்யாணியில நான் நின்னேனே, அப்போ. எப்பவும் இடப்பக்கம்தான் வெட்டும். இன்னிக்கு மெதுவா, மேலயும் கீழயும் அசைஞ்சுது."