கொஞ்சத்துக்கு எத்தனை வெரி

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. பிறவிக் குணம். வாரம் ஒருமுறை ஜீப்பில் மலையேறி வந்த அந்த டாக்டரம்மாவையும் நான் நம்பவில்லை. அவரும் என்னை நம்பவில்லை, அதனால் எங்களுக்குள் பாக்கி எதுவும் இல்லை.

அறுபதுகளில் நடந்தது இது. நான் மலையில் பிறந்து, அடிவாரத்து ஆலங்காயத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். எங்கள் பக்கத்தில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசத் தெரிந்த பெண் நான்தான். டாக்டரம்மா வேறு மாநிலத்துக்காரர். எங்கள் மலையூர் நெல்லிவாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு புளிய மரத்தடியில் மேசை போட்டு உட்காருவார். நோயாளி சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும், அதுதான் வேலை.

என் இங்கிலீஷ் அவருக்குத் திருப்தியில்லை. ‘ஷீ இஸ் வெரி பெயினிங்’ என்றேன் ஒரு நாள். வலிக்கிறது என்பதோடு வெரியை அப்படி ஒட்டக் கூடாது, ‘இட் ஹர்ட்ஸ் வெரி மச்’ என்று சொல் என்றார். இன்னொரு நாள் நோஞ்சான் குழந்தை ஒன்றை ‘டூ வீக்’ என்றுவிட்டேன். அவர் தன் டம்ளரைக் காட்டினார். டீ ‘வெரி ஹாட்’ என்றால் ஊதிக் குடிக்கலாம், ‘டூ ஹாட்’ என்றால் குடிக்க முடியாது, டூ என்பது அளவு மீறிப் போவது என்று விளக்கினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம்தான். ஆனாலும் கற்றுக்கொண்டேன், வெரியை அதனதன் இடத்தில் வைக்க எனக்கு வந்துவிட்டது.

வந்த சங்கடம் இலக்கணத்தால் அல்ல. எங்கள் ஊர்களில் நோவைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். ‘ரொம்ப வலிக்குது’ என்று வாய்விட்டுச் சொன்னால் நோவு அதைக் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே தங்கிவிடும் என்று பயம். உடம்பு அனலாகக் கொதித்தாலும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பார்கள். உயிர் போகிற மாதிரி இருந்தால்தான் ‘கொஞ்சம்’ என்ற சொல் வரும். அதற்கு மேல் சொல்லே கிடையாது. இது தெரிந்தவள் நான் என்பதால், அவர்கள் விழுங்கிவிட்ட ரொம்பவை இங்கிலீஷில் நானே சேர்த்துச் சொன்னேன்.

ஜனங்களுக்கும் என் மேல் சந்தேகம்.

“இன்னாம்மா, நான் ஒண்ணு சொன்னா நீ வெரி வெரின்றே? அந்தம்மா கிட்ட இன்னா கேக்குறே எங்க பேர்ல?” என்று ஒரு பெரியவர் முறைத்தார்.

“மருந்துதான் தாத்தா கேக்குறேன்” என்றால் நம்பவில்லை. ஆனால் போகும்போது ஒரு கை சாமையோ புளியோ என் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை.

டாக்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்குள் அவர் கொஞ்சம் தமிழும் பொறுக்கிக்கொண்டார்: வலி, எங்கே, கொஞ்சம். ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அவர்கள் கொஞ்சம் என்கிறார்கள். நீ வெரி என்கிறாய். யாருக்காக?” என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் கண் என் மடிக்குப் போனது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனி சொன்னதை மட்டும் சொல், ஒரு வெரி கூடாது என்று உத்தரவு. சரி, அப்படியே ஆகட்டும், எனக்கென்ன என்று வீம்பாக இருந்தேன்.

அடுத்த வாரம் என் தங்கை வந்தாள். மூன்று மலை தாண்டிக் கட்டிக் கொடுத்தவள். அவள் கணவர் முதுகில் சுமந்து வந்து இறக்கினார். முகத்தில் ரத்தமே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

“வலி?” என்று டாக்டரம்மா தானே தமிழில் கேட்டார்.

“கொஞ்சம்” என்றாள் தங்கை.

எனக்கு அவளை அறைய வேண்டும் போல் வந்தது. “இட் ஹர்ட்ஸ் வெரி மச், டாக்டர்” என்றேன். சொல் சரியான இடத்தில்தான் இருந்தது. அவர் புருவம் உயர்ந்தது.

“உனக்குச் சொந்தமா?”

“தங்கை.”

அந்த முகத்தில் நான் கண்டதை இன்றும் மறக்கவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்கிற முகம். வரிசையில் வரட்டும் என்று கையைக் காட்டினார். வரிசை நீளமாக இருந்தது. அது முடிவதற்குள் இவள் செத்துப் போவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இங்கிலீஷில் இருக்கிற அத்தனை வெரியையும் கொட்டினாலும் இந்த அம்மா நம்பப் போவதில்லை என்பதும் தெரிந்தது.

வரிசையில் ஒருவர் கையைத் துண்டில் தொங்கப் போட்டு நின்றார். புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்தவர். அவரை இழுத்து வந்து மேசை முன் நிறுத்தினேன்.

“மாமா, வலிக்குதா?”

“ஒண்ணுமில்லம்மா. சும்மா காட்டிட்டு போலாம்னு வந்தேன்.”

“நத்திங், ஹீ சேஸ்” என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை.

டாக்டரம்மா எரிச்சலோடு துண்டை விலக்கினார். முன்கை நடுவில் வளைந்திருந்தது. எலும்பு இரண்டாக முறிந்திருந்தது குழந்தைக்கும் தெரியும். அவர் தொட்டபோது அந்த மனிதரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது. வாய் மட்டும் மறுபடியும் “ஒண்ணுமில்லீங்க” என்றது.

டாக்டரம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல், தங்கையிடம் ஓடினார். வயிற்றில் கை வைத்ததும் டிரைவரைக் கூப்பிட்டார். “ஃபாஸ்ட்! வெரி, வெரி ஃபாஸ்ட்!” என்று அவர் கத்தியது மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

கை முறிந்தவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கீழே இறங்கியது. வழி நெடுக டாக்டரம்மா தங்கையின் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். தாமதித்ததற்காகப் பயப்படுகிறாரா, நிஜமாகவே இவளுக்காகவா என்று.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கதவு சாத்தியது. நான் வராந்தாவில் நின்றேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

“இஸ் ஷீ வெரி பேட்?” என்று கேட்டேன்.

அவர் பதிலை இங்கிலீஷில் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். என் தோளில் கை வைத்து, யோசித்து, ஒவ்வொரு எழுத்தாக எங்கள் பேச்சில் சொன்னார்:

“ஒண்ணுமில்லே.”

நம்பினேன், தங்கை பிழைத்துவிட்டாள் என்று. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.