பல்லில் கடித்த ஸ்க்ரூடிரைவர்

செம்பூர் காது டாக்டர் அதிர்கிற இரும்பு இசைக்கவையை என் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, "கேக்குதாம்மா?" என்று உரக்கக் கேட்டார். கேட்டது. கூடவே வாப்பாவின் தாராவிப் பட்டறையும் வந்துவிட்டது.

அறுபதுகளில் ஒரு சேட்டின் பழைய காரை வாப்பா பிரித்துப்போட்டு, மூன்று மாதம் என்ஜினைப் புதுப்பித்தார். அதை முதன்முதலாக ஓடவிட்ட அன்று உம்மாவும் நானும் சோறு கொண்டுபோயிருந்தோம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் என்ஜின்மேல் ஊன்றி, மரப்பிடியைப் பல்லில் கடித்தபடி வாப்பா கண்மூடி நின்றார்.

"ஒரு வால்வு தட்டுது" என்று அணைத்துச் சரிசெய்தார். மறுபடி ஓடியபோது, பார்க்க வந்திருந்த சேட் புன்னகைத்தார்.

என்ஜினை நிறுத்திவிட்டு வாப்பா கை கழுவினார். முதுகுக்குப் பின்னாலிருந்து, "வாப்பா, சோறு" என்று மூன்று முறை கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. உம்மா என் வாயைப் பொத்தினாள்.

"கூப்பிடாத புள்ள, போயித் தொடு. சேட்டுக்குத் தெரிஞ்சா இனிமே வண்டி தரமாட்டாவ."

அதன்பிறகு வாப்பாவை நான் கூப்பிட்டதே இல்லை. தொட்டேன்.

டாக்டர் கவையை எலும்பிலிருந்து எடுத்துக் காதருகே பிடித்தார். சத்தமே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள்.