கடப்பாரையை விழுங்கிய பாறை

நாற்பதுகளின் நடுவில், உலகச் சண்டை முடிந்தும் முடியாமலும் இருந்த ஓர் ஆடி மாதம், தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தெற்கே உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கட்டட மேஸ்திரி. மீசை பெரியது, வாய் அதைவிடப் பெரியது.

அந்த வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அஸ்திவாரத்துக்கு வானம், அதாவது பள்ளம், தோண்டி முடித்ததும் நான் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் நாலு குத்துக் குத்துவேன். ‘ணங்’ என்று கேட்டால் பாறை, ‘தொப்’ என்று கேட்டால் மண். அவ்வளவுதான் என் சாஸ்திரம். “மேஸ்திரி தட்டிட்டாரா?” என்று கேட்ட பிறகுதான் மற்றவர்கள் முதல் கல்லையே தொடுவார்கள். பதினைந்து வருஷத்தில் ஒரு சுவர்கூட என்னால் விரிசல் விட்டதில்லை. அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும் என்று என் மனைவி சொல்வாள்.

அந்த ஆடியில் நாங்கள் கட்டப் போனது உயரமான ஒரு தண்ணீர்த் தொட்டி. கடற்கரைக் குப்பங்களில் நல்ல தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு மைல் கணக்கில் நடந்துகொண்டிருந்த காலம். எட்டுத் தூண்களின் மேல் தொட்டி நிற்க வேண்டும். எட்டடி தோண்டியதும் கெட்டியான கல் தட்டியது. இறங்கிக் குத்தினேன். ‘ணங்’ என்ற சத்தம் கோயில் மணி போலக் கேட்டது. மேலே ஏறி வந்து, “பாறை. யானையை நிறுத்தலாம்” என்றேன்.

காண்ட்ராக்டருக்கு ஒரே சந்தோஷம். சிமெண்டெல்லாம் பெர்மிட்டில் கிடைத்த காலம் அது. அடியில் பாறை என்றால் அஸ்திவாரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் வரைபடம் போட்ட என்ஜினீயர், அத்தாட்சி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துளை போட்டுப் பார்க்கிற இயந்திரங்கள் எல்லாம் சண்டை வேலைக்குப் போய்விட்டன. கடைசியில் வெளியூர்க் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவரை, அவரே செய்த ஒரு மெஷினோடு அனுப்பிவைத்தார். மண்ணைத் தோண்டாமலே அடியில் இருப்பதைச் சொல்லுமாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வாத்தியார் ஒல்லியான மனிதர். ஆடிக் காற்றில் அவர் குடையே இரண்டு தடவை பறந்தது. மெஷின் என்பது முள் ஆடும் இரண்டு மீட்டர் வைத்த ஒரு மரப்பெட்டி, ஒரு பாட்டரி, நாலு இரும்பு முளைகள், சுருள் சுருளாக ஒயர். நாலு முளைகளையும் சம இடைவெளியில் ஒரே கோட்டில் அடித்தார். வெளியே இருக்கும் இரண்டு முளைகள் வழியாக மண்ணுக்குள் கரண்ட்டை விட்டு, நடுவில் இருக்கும் இரண்டிலும் அளந்து பார்த்தார். கல் கரண்ட்டை லேசில் விடாது, உப்புத் தண்ணீர் உடனே விட்டுவிடும் என்றார். முளைகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியுமாம். நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

முளை அடித்தவர்கள் எங்கள் கூலி ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் சங்கு குளிக்கிறவர்கள். ஆடியில் கடல் கலங்கிக் கிடக்கும், குளிப்புக் கிடையாது. அதனால் மண் சுமக்க வருவார்கள். அதில் ஒருவர் என் வயசுக்காரர், அதிகம் பேசாதவர், மெஷின் வந்ததிலிருந்து அதைவிட்டு நகரவில்லை. வாத்தியார் எண்ணைச் சொல்வதற்கு முன்னாலேயே முள் போகும் பக்கத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

மூன்று மூலைகளில் எல்லாம் நன்றாகவே போயிற்று. நாலாவதில், கடலைப் பார்த்த தென்கிழக்கு மூலையில், முளைகளை அகட்டியதும் எண் சடாரென்று இறங்கியது. வாத்தியார் ஒயரைச் சரிபார்த்தார். முளைகளைப் பிடுங்கி வேறு பக்கமாக அடித்தார். மூன்று தடவை பார்த்தும் அதேதான்.

“மேஸ்திரி, இங்கே மேலே கல் இருக்கு. ஆனா கனம் நாலடிதான். அதுக்குக் கீழே உப்புத் தண்ணி.”

“கடலோரத்துல உப்புத்தண்ணி இல்லாம பாயாசமா சார் இருக்கும்?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. “மணல் உப்புத் தண்ணியில ஊறியிருந்தா ஒரு கணக்கு வரும். வெறும் தண்ணியா நின்னா எண் இன்னும் கீழே போகும். இது வெறும் தண்ணி மாதிரி தெரியுது. மெஷின் பொய் சொல்லாது, ஆனா அது சொல்றதை நான் தப்பாப் புரிஞ்சுக்கலாம். ஒரு ஓட்டை போட்டுப் பாத்துடுவோமே.”

“நாலு அடியில ஓட்டை விழுந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துடுதேன்” என்று சொல்லிவிட்டு நானே கடப்பாரையோடு இறங்கினேன். மற்றவர் கையால் என் பாறையைச் சோதிப்பதா?

விடாமல் அடித்தோம். ஓரடி, இரண்டடி, மூன்றடி. வெள்ளைக் கல், உள்ளே சிப்பித் துண்டுகள் பதிந்து கிடந்தன. சாயங்காலத்துக்கு முன்னால், நான் ஓங்கிப் போட்ட குத்தில் கடப்பாரை கல்லில் நிற்கவில்லை. என் உள்ளங்கையை உரசிக்கொண்டு மொத்தமும் உள்ளே போய்விட்டது. ஐந்தடிக் கடப்பாரை! கொஞ்சம் கழித்துக் கீழேயிருந்து ‘தொளக்’ என்று ஒரு சத்தம். அதன்பின் அந்தத் துளையிலிருந்து ஈரக் காற்று என் முகத்தில் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பூமி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் பின்னால் நகர்ந்து பள்ளத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இந்தக் கல்லின் மேல்தானே யானையை நிறுத்தச் சொன்னேன்!

சங்கு குளிக்கிறவர் இறங்கி வந்து, துளைக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து மோந்து பார்த்தார்.

“அலை வந்து போவுது. கடல்ல பாருக்கு அடியில இப்படித்தான் இருக்கும், அண்ணாச்சி. மேல கெட்டிக் கல்லு, அடியில பொந்து. கையை விட்டா விலாங்கு கடிக்கும். கரையும் அப்படி இருக்கும்னு நாங்க நெனைக்கலியே.”

பார் என்று அவர்கள் சொல்வது கடலுக்கு அடியில் உள்ள பாறைத் திட்டு. பத்து நாளாக என் கண் முன்னால் மண் சுமந்தவர். ஒரு வார்த்தை நான் கேட்டிருப்பேனா? கடலில் இருப்பவனுக்குக் கரையைப் பற்றி என்ன தெரியும் என்பதுதான் என் நினைப்பு.

காண்ட்ராக்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “அது சின்ன வெடிப்பு. ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடைச்சிரலாம். என்ன மேஸ்திரி?”

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன். மீசையைக் காப்பாற்ற அந்த நேரத்தில் எதையும் சொல்லியிருப்பேன். இவ்வளவு வயதுக்குப் பிறகும் அதை எழுதக் கை கூசுகிறது.

“வெடிப்பா, குகையான்னு நான் போய்ப் பாத்துட்டு வாரேன்” என்றார் சங்கு குளிக்கிறவர். காண்ட்ராக்டர் முகம் சுளித்ததும், “நாளைக்குச் சாரத்துல ஏறப்போறது எங்க ஆளுவதான், மொதலாளி” என்றார். வாத்தியாரும் அவர் பக்கம் நின்றார். வேறு வழியில்லாமல் காண்ட்ராக்டர் சம்மதித்தார்.

பள்ளத்தின் மேல் பலகைகள் போட்டு, ஆள் நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்க இரண்டு நாள் ஆயிற்று. ஓர் அரிக்கேன் விளக்கைக் கட்டி இறக்கினோம். சுடர் சாய்ந்தது, அணையவில்லை. கெட்ட காற்று இல்லை. இனி ஆள் இறங்க வேண்டும்.

அங்கேதான் ஒரு சிக்கல். குளிக்கிறவர் இடுப்புக் கயிற்றை மேலே பிடிப்பவர் அவருடைய மனைவியின் கூடப்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். தங்கை தாலியை அறுக்க எந்த அண்ணன் மனசு வைப்பான்? அந்தக் கரையில் அதுதான் வழக்கம். ஆனால் இவருடைய மச்சான் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். வர எத்தனை நாளோ.

அவர் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கடைசியில் கயிற்று நுனியை என்னிடம் நீட்டினார்.

“நானா?” என்றேன்.

“இங்கன இருக்கதுல நீங்கதான் ரொம்பப் பயந்துபோயி இருக்கிய. நீங்களே பிடியுங்க.”

ஒரு தடவை இழுத்தால் கயிற்றை இன்னும் தளர்த்தி விட வேண்டும். இரண்டு தடவை இழுத்தால் தூக்க வேண்டும். எதுவும் இழுக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. வாத்தியார் அதற்குள் ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “அவர் மேலே வந்த பிறகு பாருங்க” என்றார். சங்கு குளிக்கிறவர் சிலுவை போட்டுக்கொண்டு, காலில் ஒரு கல்லைக் கட்டித் துளைக்குள் இறங்கினார். கீழே தண்ணீரைத் தொட்டதும் கொஞ்ச நேரம் கயிற்றில் தொங்கியபடி நின்றார். பிறகு ஒரு பெரிய மூச்சு கேட்டது. கயிறு ஓடத் தொடங்கியது.

நான் எண்ணினேன். இருபது. முப்பது. கயிறு நின்றது. ஐம்பது. என் கைக்குள் அந்தக் கயிறு தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை. எழுபது. எண்பது.

“தூக்கும்வே மேஸ்திரி! ஆளு போயிட்டாம்வே!” என்று காண்ட்ராக்டர் கத்தினார். பலகையின் மேல் அவருடைய ஜோடு தடதடவென்று இங்கேயும் அங்கேயும் நடந்தது.

எனக்கும் இழுக்கத்தான் தோன்றியது. பொறுமை என்பது என் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் அவர் இழுக்கவில்லையே! வீட்டில் அவருக்காக உலை வைத்துக் காத்திருக்கும், நான் பார்த்தே இராத ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு நான் அண்ணன் என்றால் இப்போது என்ன செய்வேன்? பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அப்போது ஓர் இழுப்பு வந்தது. ஒன்றே ஒன்று. எண்பத்தெட்டு எண்ணிய பிறகு, இன்னும் கயிறு கேட்கிறார்! கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தளர்த்தி விட்டேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. அடுத்து இரண்டு இழுப்பு. எல்லோரும் சேர்ந்து தூக்கினோம்.

தோள் கீறி ரத்தம் வடிய, கையில் என் கடப்பாரையோடு வந்தார்.

மூச்சு வாங்கிக்கொண்டே, “மூணு பாகம் தண்ணி” என்றார். இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். மூன்று பாகம் என்றால் பதினெட்டு அடி. “அடியில சரளைக் கல்லு. கெழக்க நீண்டு போவுது, முடிவு தெரியல. அகலம் பத்தடிக்குக் கொறையாது. ஒரு இடத்துல கல்லு தாழ்ந்து வந்து இடுக்குல மாட்டிக்கிட்டேன். கயிறு விட்டதுனால முன்ன போயி திரும்ப முடிஞ்சுது. நீங்க இழுத்திருந்தா கயிறு கல்லு வெளிம்புல அறுந்திருக்கும்.”

நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். வாத்தியாரே அதை வாங்கிப் படித்தார். தண்ணீர் மட்டத்திலிருந்து குகையின் அடித்தரை வரை பதினேழு, பதினெட்டு அடி. கிழக்கே நீளும். அகலம் ஐந்தாறு அடி.

நாலு இரும்பு முளையை மண்ணில் குத்திவிட்டு, ஒருத்தரும் பார்க்காத இருட்டை ஒரு மனிதர் அளந்து வைத்திருக்கிறார். இன்னொருவர் அந்த இருட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு போய், ஆமாம் என்று சொல்லிவிட்டு வருகிறார். உடம்பெல்லாம் எனக்குச் சிலிர்த்தது. வாத்தியார் மட்டும் பென்சிலை எடுத்து, ‘அகலம்’ என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்து, ‘இதில் நான் தப்பு’ என்று எழுதிக்கொண்டார். சரியாகச் சொன்னதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சங்கு குளிக்கிறவர் தலையைத் துவட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். “உள்ள எறங்கி நின்னதும் மேல நீங்க நடக்குத சத்தம் அப்படியே கேக்கு, அண்ணாச்சி. ஒவ்வொரு காலும் தனியாத் தெரியுது. மொதலாளி ஜோடு கூட. நீங்க மட்டும்தான் அசையல.”

காண்ட்ராக்டர் தன் ஜோட்டைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “வேற எங்க கட்டலாம் சார்?” என்று வாத்தியாரைக் கேட்டார்.

மேற்கே தள்ளி ஓர் இடத்தில் முளை அடித்து, துளையும் போட்டுப் பார்த்து, தொட்டியை அங்கே கட்டினோம். முதல் தடவை தொட்டி நிரம்பிய அன்று நான் தூணோடு காதை வைத்து நாள் முழுக்க நின்றேன். ஒரு முனகல்கூட இல்லை. மீசையை அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். “யாரு வீட்டு ஆளு இது?” என்று கேட்டு என் மனைவி அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். சங்கு குளிக்கிறவர் அதற்குப் பிறகு என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. மச்சான் என்றார். அவர் சாதி வேறு, சாமி வேறு. ஆனாலும் அவர் மனைவி அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடு தேடி வந்து, கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பது போல் எனக்கு ஒரு வேட்டி வைத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகும் எத்தனையோ கட்டடங்களுக்குக் கடப்பாரையோடு இறங்கியிருக்கிறேன். ஆனால் எந்த மண்ணில் குத்தும்போதும், அடியில் ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு என் காலடியைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றும், கை தானாக மெதுவாகிவிடும்.